உரசிப் பார்க்கும் அறிவு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நம்மிடம் தரப்பட்டிருக்கும் தலைப்பு 'ஆய்ந்தறியும் சிந்தனை' என்பதாகும். ஆங்கிலத்தில் 'கிரிட்டிகல் திங்கிங்' என்பார்கள். நம் பிள்ளைகள் எழுதும் நுழைவுத் தேர்வுகளிலும், சபுர் செல்லும் இளைஞர்கள் பார்க்கும் வேலை விளம்பரங்களிலும் இச்சொல் அடிக்கடி வருகிறது. இதைச் சிலர் 'விமர்சனச் சிந்தனை' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் ஒருவர் நிர்வாகத்தை விமர்சிக்கிறார் என்றால் குறை சொல்கிறார் என்றுதான் பொருள். வரவு செலவுக் கணக்கு வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து எழும் விமர்சனங்களை நம் பொருளாளர் நன்கு அறிவார்! எனவே 'பிள்ளைகளுக்கு விமர்சனச் சிந்தனை கற்றுக் கொடுங்கள்' என்று யாராவது சொன்னால், பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கற்றுக் கொடுக்கச் சொல்கிறார்களோ என்று பெற்றோர் அஞ்சுவதில் வியப்பில்லை.

அரபியில் இதற்கு 'நக்து' என்று ஒரு சொல் உண்டு. இலக்கியத் திறனாய்வுக்கும் ஹதீஸ் ஆய்வுக்கும் இன்று அச்சொல்லே வழங்குகிறது. அதன் பழைய பொருள், நாணயங்களில் நல்லதையும் கள்ளதையும் பிரித்தறிதல் என்பதாகும். துறைமுகப் பட்டினத்தாராகிய நமக்கு இப்பொருள் எளிதில் விளங்க வேண்டும். மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் அழைக்கப்பட்ட இந்த ஊரின் பெயராலேயே 'போர்ட்டோ நோவோ வராகன்' என்றொரு பொன் நாணயம் 18ஆம் நூற்றாண்டில் வணிகர்களிடையே புழங்கியது. அக்காலத்து வராகன்களில் பல வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். பொன்னின் மாற்று வேறுபடும். ஆகவே கடைத்தெருவில் நாணயத்தை எடை போட்டு, உரைகல்லில் உரசிப் பார்த்து, இது இத்தனை மாற்று என்று சொல்பவர் ஒருவர் இருப்பார். அவரைச் சராப்பு என்றார்கள். 'ஸர்ராஃப்' என்னும் அரபிச் சொல்தான் தமிழில் சராப்பு ஆயிற்று.

அந்தச் சராப்பு நாணயத்தின் மீது கோபம் கொண்டவர் அல்லர். கொண்டு வந்தவரைத் திருடன் என்று சொல்பவரும் அல்லர். தம் மாமனார் கொண்டு வந்த வராகன் ஆனாலும் உரசிப் பார்ப்பார். முன்பின் அறியாத ஒருவர் கொண்டு வந்தாலும் அதே கல்லில்தான் உரசுவார். தலைப்புக்கான விளக்கம் இவ்வளவுதான். ஒரு செய்தி நம் கைக்கு வரும்போது, அதைச் செலவழிக்கும் முன் உரசிப் பார்ப்பது.

இது நமக்குப் புதியதா? ரமலான் பிறை விஷயத்தில் நாம் என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் பிறை கண்டதாகத் தகவல் வருகிறது. உடனே நகரா அடித்துவிடுகிறோமா? பார்த்தவர் யார்? எந்த ஊர்? எத்தனை பேர் பார்த்தார்கள்? மஃரிபுக்கு எவ்வளவு நேரம் கழித்து? வானம் தெளிவாக இருந்ததா? பிறையின் முனைகள் எந்தப் பக்கம் நோக்கி இருந்தன? இத்தனையும் விசாரித்த பிறகே ஹஜ்ரத்மார்கள் முடிவைச் சொல்கிறார்கள். சாட்சி சொல்ல வந்தவரும் 'என்னை நம்ப மாட்டீர்களா?' என்று முறைத்துக்கொள்வதில்லை. கேட்பது முறை என்று அவருக்கும் தெரியும்.

ஹதீஸ் கலை முழுவதும் இந்த முறையின் மீதுதான் நிற்கிறது. செய்தியைச் சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று ஒவ்வோர் அறிவிப்பாளரையும் ஆராய்ந்து பெரும் நூல்கள் எழுதினார்கள். ஹிஜ்ரி 194இல் பிறந்து 256இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்பதோடு நிறைவடையாமல், இருவரும் சந்தித்தார்கள் என்பதற்கும் சான்று தேடியவர்கள். நபிகளார் (ஸல்) அவர்களின் பெயரால் வரும் செய்தியையே இவ்வளவு உரசிப் பார்த்த சமுதாயம் நாம். ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் செய்தியைத் தீர விசாரிப்பதை நம் மீது கடமையாக்கியிருப்பதை ஹஜ்ரத்மார்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள்.

அப்படியிருந்தும், பிறையை விசாரிக்கும் அதே நாம், கைப்பேசியில் வரும் செய்தியை விசாரிப்பதில்லை. இதற்கான காரணத்தைச் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும். அதற்கு நம் கடற்கரையிலேயே நடந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது நமக்குக் காலை 6.29 மணி. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை என்று ஒரு சொல்லும் நம்மை வந்தடையவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தேவனாம்பட்டினம், புதுக்குப்பம், எம்.ஜி.ஆர். திட்டு என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே போதும்; மேலே விவரிக்க வேண்டியதில்லை.

நான்கு நாள் கழித்து, 30ஆம் தேதி வியாழக்கிழமை, மீண்டும் சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகத்திடமிருந்தே எச்சரிக்கை வந்தது. கடற்கரை நெடுகிலும் மக்கள் கைக்கு அகப்பட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிவாரணப் பணிகள் நின்றன. அலை வரவில்லை. நிலநடுக்கம் இனிமேல் வரும் என்று ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனம் சொன்ன ஆரூடமே அந்த எச்சரிக்கைக்கு மூலம் என்பது அன்றே வெளிப்பட்டது. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சரே சொல்ல வேண்டியதாயிற்று. நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டிச் சொல்லும் முறை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 'நிலநடுக்கம் நடந்துவிட்டதா, இனிமேல்தான் நடக்கப் போகிறதா?' என்ற ஒரு கேள்வியைத் தலைநகரில் யாராவது கேட்டிருந்தால், வயோதிகர்கள் அன்று வயல் வரப்புகளில் விழுந்து எழ நேர்ந்திராது. ஓடிய மக்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் ஓடியது சரி. உரசிப் பார்க்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் உரசிப் பார்க்கவில்லை.

இப்போது இன்னொரு நாள். 2012 ஏப்ரல் 11. சுமத்ராவுக்கு அப்பால் கடலில் 8.6 அளவில் பெரும் நிலநடுக்கம். 2007இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட சுனாமி முன்னெச்சரிக்கை மையம் சில நிமிடங்களில் எச்சரிக்கை விடுத்தது. மக்கள் கரையை விட்டு அகன்றார்கள். மாலையில் எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்றும் பேரலை வரவில்லை. நம் தேநீர்க் கடைகளில் அப்போது என்ன பேசிக்கொண்டார்கள்? 'இவர்கள் எப்போதும் இப்படித்தான், 2004லும் இதே கதைதான்' என்றார்கள்.

இரண்டும் ஒரே கதை அல்ல. 2012இல் நிலநடுக்கம் உண்மையாகவே நடந்திருந்தது. உலகெங்கும் கருவிகள் அதைப் பதிவு செய்திருந்தன. கடலடித் தட்டுகள் மேல் கீழாக எழும்பாமல் பக்கவாட்டில் நழுவியதால் நீர் பெருமளவில் எழும்பவில்லை. அதைக் கடல்மட்டக் கருவிகள் காட்டிய பிறகே எச்சரிக்கையை விலக்கினார்கள். முதலாவது பித்தளை வராகன். இரண்டாவது பொன் வராகன். அலை வரவில்லை என்ற ஒரே காரணத்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டோமானால், அடுத்த முறை ஒலிபெருக்கி கூப்பிடும்போது வீட்டிலேயே அமர்ந்திருப்போம். எதையும் நம்பிவிடுவது ஒரு நோய் என்றால், எதையும் நம்பாதிருப்பது அதைவிடக் குறைந்த நோய் அன்று. ஏமாந்த ஆத்திரத்தில் வரும் பொல்லாத நோய் அது.

வெள்ளாற்றுக்குத் தெற்கே, கிள்ளைக்கு அப்பால் இருக்கும் பிச்சாவரம் காட்டுக்கு வருவோம். ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டைச் சுரபுன்னைக் காடு என்றும் அலையாத்திக் காடு என்றும் சொல்கிறோம். அலையை ஆற்றுவது அலையாத்தி. பெயரே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. சுனாமிக்குப் பின் 'பிச்சாவரம் காடுதான் பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றியது' என்ற பேச்சு எங்கும் பரவியது. நாமும் வெளியூர் விருந்தினர்களுக்குப் பெருமையோடு சொல்லி வந்திருக்கிறோம்.

அது வெறும் பேச்சாகவும் நிற்கவில்லை. நம் ஊரிலேயே இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தின் பேராசிரியர் கதிரேசன் அவர்களும், அவருடன் இராஜேந்திரன் அவர்களும் இக்கடற்கரையின் 18 குப்பங்களுக்குச் சென்று கணக்கெடுத்தார்கள். ஒவ்வோர் ஊரும் கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், முன்னால் மரம் செடிகளின் பரப்பு எவ்வளவு, எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு பொருள் சேதம் என்று திரட்டி, 'எஸ்டுவரைன், கோஸ்டல் அண்ட் ஷெல்ஃப் சயன்ஸ்' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் 2005இல் வெளியிட்டார்கள். தூரமும் உயரமும் காட்டின் பரப்பும் கூடக் கூட இழப்பு குறைந்தது என்பது அவர்கள் முடிவு. அதே ஆண்டு அக்டோபரில் 'சயன்ஸ்' இதழில் வேறொரு பன்னாட்டுக் குழு, கடலூர் மாவட்டக் கரையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று எழுதியது. ஊரெல்லாம் மகிழ்ந்தது.

அடுத்த ஆண்டு, 2006இல், அதே ஆய்விதழில் கெர், பெயர்டு, கேம்ப்பெல் என்னும் மூன்று அறிவியலாளர்கள் ஒரு மறுப்பை எழுதினார்கள். வேறு கணக்கு எதையும் அவர்கள் கொண்டு வரவில்லை. கதிரேசன் அவர்கள் வெளியிட்ட அதே 18 ஊர்களின் கணக்கையே எடுத்து, வேறு கேள்வி கேட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர், காடு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாலேயே கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கும்? அப்படியானால் காப்பாற்றியது காடா, தூரமா?

இதை வீட்டு உதாரணத்தில் சொல்லலாம். மழை பெய்கிறது. ஒருவர் கையில் விரித்த குடையோடு திண்ணையில், கூரைக்குக் கீழே நிற்கிறார். இன்னொருவர் குடையில்லாமல் தெருவில் நிற்கிறார். தெருவில் நின்றவர் நனைந்தார், குடைக்காரர் நனையவில்லை. குடைதான் காப்பாற்றியது என்று சொல்லலாமா? குடையின் பங்கை அறிய வேண்டுமானால் இருவரையும் தெருவில் நிறுத்த வேண்டும். அம்மூவரும் செய்தது ஏறக்குறைய அதுவே. ஒரே தூரம், ஒரே உயரம் உள்ள ஊர்களாக வைத்துப் பார்த்தால், காட்டின் பரப்பு கூடியதால் உயிரிழப்பு குறைந்தது என்று இந்தக் கணக்கிலிருந்து சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். கதிரேசன் அவர்களும் இராஜேந்திரன் அவர்களும் அதே ஆண்டு பதில் எழுதினார்கள். மூன்றாவதாக வேறு இருவர் அதே கணக்கை இன்னொரு முறையில் பார்த்து, காட்டுக்குப் பங்கு உண்டு என்று எழுதினார்கள். அவர்களும் 2007இல் தம் கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட்டார்கள்.

ஜமாஅத்தார்களே, நம் ஊரின் பெருமையைப் பறிக்க வந்த செய்தி இது என்று முதலில் நமக்கும் மனம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். கதிரேசன் அவர்கள் தம் கணக்கை மறைக்காமல் அட்டவணையாக அச்சிட்டதால்தான் மற்றவர்களால் அதைச் சரிபார்க்க முடிந்தது. மறுத்தவர்கள் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. கணக்கிட்ட முறையைத்தான் கேட்டார்கள். அவரும் எழுத்தில் பதில் தந்தார். பாஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைஸம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே முறையில்தான் நடந்துகொண்டார். தாலமியின் வானியலை ஆழக் கற்றவர் அவர், அதை மதித்தவர். மதித்த காரணத்தாலேயே, அந்நூல்களில் தமக்குப் பொருந்தாமல் தோன்றியவற்றைத் தொகுத்து 'தாலமி மீதான ஐயங்கள்' என்று தனி நூலே எழுதினார். ஆசிரியரிடம் ஐயம் கேட்பது அவரை அவமதிப்பது என்ற எண்ணம் நம்மிடையே எப்போது புகுந்தது என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

காட்டைப் பற்றிய கேள்வி அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 18 ஊர்கள் போதாது என்றால் அதிக ஊர்கள் வேண்டும். ஒடிசாவில் 1999இல் வீசிய பெரும்புயலை எடுத்துக்கொண்டு, கேந்திரபாரா மாவட்டத்தின் 409 கிராமங்களை சௌதாமினி தாஸ், வின்சென்ட் என்னும் இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். தூரம் முதலிய மற்றக் காரணங்களைத் தனியே பிரித்துக் கணக்கிட்டு 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஊருக்கும் கடலுக்கும் இடையே அலையாத்திக் காடு அகலமாக இருந்த இடங்களில் இறப்பு உண்மையிலேயே குறைந்திருந்தது. ஆனால் காடு காப்பாற்றிய உயிர்களைவிட, அரசு முன்கூட்டி விடுத்த எச்சரிக்கை காப்பாற்றிய உயிர்கள் அதிகம் என்றும் அவர்கள் கண்டார்கள்.

புயல் அலையும் சுனாமி அலையும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். புயலில் கிடைத்த விடையை அப்படியே சுனாமிக்கு மாற்றுவதும் உரசாமல் வாங்கும் நாணயமாகிவிடும்.

இந்தச் சர்ச்சையில் நமக்கு என்ன என்று கேட்கலாம். வீட்டு மனை வாங்குகிற நமக்குத்தான் இருக்கிறது. 'முன்னால் காடு இருக்கிறது, பயமில்லை' என்று தாழ்ந்த மணல்திட்டில் மனை விற்பவர் சொல்லக்கூடும். 'காடு இருக்கும்போது ஏன் ஓட வேண்டும்?' என்று பாட்டனார் பேரனிடம் சொல்லக்கூடும். தூரமும் மேடும் செய்த வேலையைக் காட்டின் கணக்கில் எழுதிவிட்டால், பிழை ஏட்டில் மட்டும் நிற்காது. காடு வேண்டும். மீனும் இறாலும் நண்டும் குஞ்சுகளாக வளரும் இடம் அது. கரையரிப்பைத் தடுப்பது அது. வெட்டக் கூடாது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எச்சரிக்கை வந்தால் காட்டை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

நமக்குப் பிடிக்காத செய்தியை நாம் எப்போதும் உரசிப் பார்க்கிறோம். எதிர்க்கட்சிக்காரர் சொன்னால் ஆயிரம் கேள்வி. நமக்கு இனிக்கும் செய்தி வந்தால் கல் உறைக்குள் போய்விடுகிறது. பிச்சாவரம் நமக்கு இனிக்கும் செய்தி. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டோம்.

இனிக்கும் செய்தியால் நம் சமுதாயம் இழந்த பணத்துக்கு அளவில்லை. பெங்களூரில் 2006இல் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 'வட்டி இல்லை, ஹலாலான இலாபப் பங்கு' என்று சொல்லிப் பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களிடம் முதலீடு திரட்டியது. ஓய்வூதியம், மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த நகை, ஹஜ்ஜுக்குச் சேர்த்த தொகை என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2019 ஜூன் மாதம் அதன் நிறுவனர் துபாய்க்குச் சென்றுவிட்டார்; அடுத்த மாதம் திரும்பி வந்தபோது டெல்லியில் கைது செய்யப்பட்டார். வணிகத்தில் இலாபமும் நட்டமும் மாறி மாறி வரும் என்பது கடைத்தெருவில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். மாதா மாதம் தவறாமல் இலாபம் மட்டுமே தரும் வணிகம் எது என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. ஹலால் என்ற சொல்லும் தாடியும் தொப்பியும் அக்கேள்வியைக் கேட்கவிடாமல் நம் நாவைக் கட்டிவிட்டன. நம் ஜமாஅத்திலும் இதுபோன்ற திட்டங்களில் பணம் போட்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி இதற்கு மேல் பேசுவது நாகரிகம் ஆகாது.

கசப்பிலும் அச்சத்திலும் கூட இதே நிலைதான். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி தமிழகத்தின் வட மாவட்டங்களில் பரவியிருந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் காரில் சென்ற ஒரு குடும்பத்தார் வழி கேட்க நின்றார்கள். அவர்களோடு வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மையார் இறந்துபோனார். அடித்தவர்கள் தொழில்முறைக் கொலைகாரர்கள் அல்லர். தம் பிள்ளைகளின் மீது பாசம் கொண்ட தகப்பன்மார்கள். ஒரு செய்தி அவர்களைக் கொலைகாரர்களாக ஆக்கியது. அந்தச் செய்தியை எத்தனையோ பேர் ஒரு விரலால் தள்ளிவிட்டிருப்பார்கள். அவர்கள் எவர் மீதும் இரத்தம் தெறிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்படுத்தியது.

2020இல் நாமே அடிபட்ட பக்கத்தில் இருந்தோம். கொரோனாவை ஒரு சமுதாயமே திட்டமிட்டுப் பரப்புகிறது என்று சொன்ன காணொளிகள் வீடு வீடாகச் சென்றன. காய்கறி விற்ற நம் சகோதரர்களைத் தெருவுக்குள் விட மறுத்த ஊர்கள் நாட்டில் இருந்தன. தப்லீக் பணிக்காக வந்திருந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அவ்வாண்டு ஆகஸ்டில் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தைப் பதிவு செய்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் காணொளி போன தூரம் தீர்ப்பு போகவில்லை. அந்த வேதனையை அனுபவித்த நாம், அடுத்த சமுதாயத்தாரைப் பற்றியோ, பக்கத்துத் தெருக் குடும்பத்துப் பெண்ணைப் பற்றியோ, தடுப்பூசியைப் பற்றியோ ஒரு குரல் பதிவு வந்தால் அதைக் கேள்வியின்றி அனுப்புகிறோமா இல்லையா? கைப்பேசியை வைத்திருப்பவர்கள் தமக்குத் தாமே பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. நம் மக்தபிலும் பள்ளியிலும் நன்றாக ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பரிசு தருகிறோம். இன்றைய மேடையிலும் தரப் போகிறோம். ஓதலுக்கும் மனனத்துக்கும் உரிய சிறப்பு என்றும் குறையாது. அதோடு கூட, நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்கும் ஒரு பரிசு வைக்கலாம் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டுக்கொள்கிறோம். 'ஏன் வாப்பா?' என்று ஆறு வயதில் நூறு முறை கேட்கும் பிள்ளை, பன்னிரண்டு வயதில் ஏன் வாய் மூடிப் போகிறது? இடையில் வீட்டில் நாம் சொன்ன பதில் 'சும்மா இரு' என்பதுதான். தாய்மார்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மீன்காரர் 'இன்று பிடித்தது' என்று சொன்னாலும் செவுளைத் திறந்து பார்க்காமல் அவர்கள் வாங்குவதில்லை. அந்தப் பார்வையைப் பிள்ளைகளின் படிப்பறைக்கும் கொண்டு போனால் போதும்.

நேரம் கடந்துவிட்டது, மஃரிபுக்கு பாங்கு சொல்லப் போகிறார்கள். இவ்வுரையில் ஆண்டுகளையும் ஊர்ப் பெயர்களையும் ஆய்வுகளையும் நிறையச் சொல்லியிருக்கிறோம். நாம் சொன்னோம் என்பதற்காக அவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டாம். உயராய்வு மையம் நம் ஊரில்தான் இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் அந்த ஆய்விதழை எடுத்துப் பார்த்துச் சொல்லட்டும். பிழை எதுவும் கண்டால் ஜமாஅத் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு மலரில், இதே பக்கத்தில், திருத்தமாக வெளியிடச் செய்கிறோம்.